இன்னொரு கால் சுற்று

அவர் வீட்டில் ஊறுகாய் சாப்பிட வேண்டுமென்றால் முதலில் என் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். ஜெலுத்தோங் அடுக்குமாடியில் எங்கள் இரண்டு வீடுகளும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டவை. மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் அவருடைய மனைவி ஒரு கண்ணாடிப் பாட்டிலைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு வருவார். அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

"தம்பி, இதைக் கொஞ்சம் தொறந்து குடுங்க. அவரு மூடி வச்சிட்டாரு."

பாட்டிலின் அடியில் உள்ளங்கையால் ஒரு தட்டு, பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை, ஒரு முழு மூச்சு. மூடி திறந்ததும் அக்கா அதை மேலே சும்மா வைத்து, பாட்டிலைத் திரும்பத் துண்டில் சுற்றிக்கொண்டு போவார். இரண்டு நாளில் மறுபடி வருவார். மூடி சும்மா உட்கார்ந்திருக்கும் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு அக்காவின் கணவரால் கடந்து போக முடியாது.

எதைத் திருகினாலும், அது இறுகி நின்ற பிறகு ஒரு கணம் நிதானிப்பார். கீழுதட்டை உள்ளே இழுத்துக்கொள்வார். பிறகு, "இன்னொரு கால் சுத்து" என்று தனக்கே சொல்லிக்கொண்டு, வட்டத்தில் கால் பங்கு அளவுக்கு மேலும் ஒரு திருப்பு. குழாய், பாட்டில் மூடி, எரிவாயு உருளை, சைக்கிள் மணி, நாற்காலிக் கால், எல்லாவற்றுக்கும் அந்தக் கால் சுற்று உண்டு. ஆளைப் பார்த்தால் நம்ப முடியாது. ஒல்லியான உடம்பு. பினாங்கு வெயிலிலும் முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானைப் போட்டிருப்பார். கழுத்துப் பொத்தானையும்தான். சப்பாத்துக் கயிற்றில் இரட்டை முடிச்சு, அதன் மேல் ஒரு மூன்றாவது முடிச்சு.

ஒருமுறை குழாய் பழுது பார்க்க வந்த சீனர், "இந்த வீட்டில் மட்டும் வாஷர் ஏன் இப்படி நசுங்குகிறது? பளு தூக்குகிறவர் யாராவது இருக்கிறாரா?" என்று கேட்டார். அக்கா வாசலில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவரைக் கை காட்டினார். சீனர் அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, தன்னிடம் விளையாடுகிறார்கள் என்று நினைத்துக் கொஞ்சம் கோபித்துக்கொண்டார்.

பாட்டில்கள் என் கையில்தான் திறக்கின்றன என்பது அவருக்குத் தெரியாது. மனைவியே திறந்துகொள்கிறார் என்று நம்பினார்.

"என் வீட்டுக்காரிக்குக் கையில என்னா பலம் தெரியுமா தம்பி! ஒரு தடவை கூட முடியலன்னு வந்து நின்னதில்ல" என்று கோப்பிக்கடையில் பெருமையடிப்பார். நான் ரொட்டிச் சானாயைப் பிய்த்தபடி தலையாட்டுவேன்.

அவர் வேலை பார்த்தது பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் ஆள் சேர்ப்புப் பிரிவில். அவருடைய அறைக்குப் போகும் வழியில் வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து சின்னச் சின்னத் திருகாணிகளை முடுக்குவார்கள். போதுமான அளவு இறுகியதும் அவர்கள் கையிலிருக்கும் கருவி 'டிக்' என்று சத்தம் போட்டுத் தானே நின்றுவிடும். வேலைக் காலம் முழுக்க, தினமும் அந்த டிக் டிக் நடுவேதான் அவர் நடந்து போயிருக்கிறார்.

"அந்தச் சத்தம் ஒங்களுக்கு ஒண்ணுமே சொல்லலையாண்ணே?" என்று கேட்டேன்.

"அது மெஷினுக்கு லா தம்பி. மெஷினுக்குப் பயம் கிடையாது. மனுஷன் இன்னொரு கால் சுத்து குடுக்கணும்."

எதற்குப் பயம் என்று கேட்டால், கழன்று விழுவதற்கு என்பார். எது எப்போது கழன்று விழுந்தது என்று கேட்டால், விழவில்லையே, அதற்காகத்தானே இறுக்குகிறேன் என்பார். இந்த வாதத்தில் அவரை ஜெயித்தவர் கிடையாது.

புக்கிட் மெர்தாஜாமில் ஒரு கல்யாணத்துக்கு அவர் காரில் போனோம். பாலம் தாண்டிச் சற்று தூரத்தில் டயர் பஞ்சர். மாற்று டயர் இருந்தது, ஜாக்கி இருந்தது, ஆனால் சக்கரத்தின் நட்டுகளை அவர் தன் கையால் முடுக்கியிருந்தார். கையால் என்பதைவிடக் காலால் என்பதுதான் பொருந்தும். நட்டு முடுக்கும் சாவியின் மேல் ஏறி நின்று முடுக்கியிருக்கிறார். நான் முயன்றேன். உதவ நின்ற லாரி ஓட்டுநர் முயன்றார். சாவி வளைந்தது. கடைசியில் காரை இழுத்துப் போகும் வண்டி வந்தது. நாங்கள் மண்டபம் சேர்ந்தபோது தாலி கட்டி முடித்து, முதல் பந்தியும் எழுந்திருந்தது. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரோ இலையில் இரண்டாவது முறை பாயசம் வாங்கிக்கொண்டு என்னிடம் சாய்ந்து கேட்டார்:

"காடி சக்கரம் கழண்டுச்சா?"

"இல்லண்ணே."

"பாத்துக்க."

என்னைத் துப்பாக்கி சுடும் சங்கத்தில் சேர்த்துவிட்டவரும் அவர்தான். மலையடிவாரத்தில் ஒரு பழைய கொட்டகையும் மண்மேடும்தான் சங்கம். துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் எவ்வளவு கடுமையானது என்று இந்த நாட்டில் இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் துப்பாக்கிகள் வீட்டுக்கே வராது. சங்கத்தின் இரும்பு அறையில் இருக்கும். அறைக்குப் பொறுப்பு, காவல்துறையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு மலாய்க்காரர். அவரை நாங்கள், மலாயில் அண்ணன் என்ற பொருளில், பாங் என்போம். அவர் எங்களை அண்ணே என்பார்.

இலக்கைப் பார்த்து நிற்கும்போது மட்டும் என் பக்கத்து வீட்டுக்காரர் வேறு ஆள். வலது கையை நீட்டி, இடது கையைக் காற்சட்டைப் பையில் விட்டுக்கொண்டு நிற்பார். விசையில் இருக்கும் அந்த ஒரு விரல் அசைவதையே பார்க்க முடியாது. குண்டு போன பிறகுதான் போனது தெரியும். உலகத்தில் எதையும் அளவோடு இறுக்கத் தெரியாத மனிதருக்கு அந்த ஒரு விரலில் மட்டும் எப்படி இவ்வளவு மென்மை வந்தது என்று எனக்கு வியப்பு. கேட்டேன்.

"அதை அழுத்தக் கூடாது தம்பி. நம்ம நெனைக்கணும், அது தானாப் போவணும்."

"இதே மாதிரி ஊறுகாப் பாட்டிலையும் மூடலாமேண்ணே?"

"ஊறுகா வேற, தோட்டா வேற."

அவருடையது சிறு தோட்டா போடும் போட்டிக் கைத்துப்பாக்கி. அதோடு வந்த கறுப்பு பிளாஸ்டிக் கைப்பிடி மூடிகள் அவர் கைக்குச் சரிப்படவில்லை. கடையிலிருந்து ஒரு மரக்கட்டை வாங்கிவந்து, சமையலறை மேடையில் உட்கார்ந்து, தன் கைக்குத் தகுந்தபடி தானே ஒரு கைப்பிடி செய்தார். பின்பக்கமாகச் சுற்றி வரும் ஒரே மரம். இரண்டு பக்கமும் ஒவ்வொரு திருகாணி. பினாங்கின் இரண்டாவது பாலம் திறந்த வருஷம் அதைச் செய்ததாக அவர் சொல்வார். அதற்கு மறுவருஷம் என்று நான் சொல்வேன். சங்கத்தின் ஆண்டறிக்கையை எழுதுகிறவன் நான். நான் சொல்வதுதான் சரி. நோன்பு மாதத்துக்கு முன் தொடங்கிய வேலை, ஹரி ராயாப் பெருநாள் முடிந்த பிறகும் ஓடியது. கொஞ்சம் தேய்ப்பார், பிடித்துப் பார்ப்பார், மறுபடி தேய்ப்பார்.

"சாம்பார்ல மரத்தூள், சம்பால்ல மரத்தூள்" என்று அக்கா வராந்தாவில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "கேட்டா, கை உக்காரணும்ங்கிறாரு. இவரு கை எங்கதான் ஒழுங்கா உக்காந்துச்சு?"

முடிந்ததும் ஒரு நாள் சங்கத்தில் என்னிடம் கொடுத்தார். பிடித்துப் பார்த்தேன். என் கையில் நிற்கவில்லை. ஒவ்வொரு விரலும் தவறான வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல் இருந்தது. அவர் வாங்கிப் பிடித்தார். மரம் எங்கே முடிந்து கை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. பிறகு அதைத் துப்பாக்கியில் பூட்டினார். இரண்டு திருகாணிக்கும் இன்னொரு கால் சுற்று. பாங் தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஆயுத பூஜையைச் சொல்லாமல் இந்த மனிதரைச் சொல்லி முடிக்க முடியாது. அன்றைக்கு அவர் வீட்டில் சந்தனப் பொட்டு இல்லாத பொருள் இருக்காது. அரிசிக் குக்கருக்குப் பொட்டு, மோட்டாருக்குப் பொட்டு, தொலைக்காட்சியின் ரிமோட்டுக்குப் பொட்டு. பொட்டு வைப்பதிலும் அவருக்குத் தன் வழி. தொட்டு வைத்தால் காய்ந்து உதிர்ந்துவிடும் என்று கட்டைவிரலால் சந்தனத்தை அழுத்திப் பதிப்பார். ஏதாவது பள்ளம் இருந்தால் இன்னும் விசேஷம். பள்ளத்தில் வைத்த பொட்டு விழவே விழாது.

ஒரு வருஷம் வாசல் இரும்புக் கதவின் பூட்டில் பள்ளம் கண்டார். சாவித் துவாரம். மறுநாள் காலையில் சாவி உள்ளே போகவில்லை. குடும்பம் முழுக்கக் கம்பிக்கு உள்ளே நின்றது. நான் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சாவியை இன்னும் பலமாகக் குத்தப் போனபோது அக்கா அவரை நகர்த்திவிட்டு, ஒரு குவளை வெந்நீரும் தலையிலிருந்த கொண்டை ஊசியுமாக உட்கார்ந்து பூட்டைத் திறந்தார்.

"பொட்டு விழுந்துச்சா பாரு" என்றார் அவர் என்னிடம், கம்பிக்கு உள்ளிருந்து.

சங்கத்திலும் பூஜை உண்டு. தமிழ் உறுப்பினர்கள் சேர்ந்து நடத்துவோம். பாங் இரும்பு அறையைத் திறந்து, துப்பாக்கிகளைத் தோட்டா இல்லாமல் ஒரு மேசையில் வாழையிலை மேல் வரிசையாக வைத்துக் காவலுக்கு நிற்பார். அக்கா பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தைச் சின்னக் கிண்ணத்தில் கொடுத்துவிடுவார். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் பொட்டு வைப்பது அவர் கணவரின் பொறுப்பு. கற்பூரம் காட்டியதும் பாங் சுண்டல் வாங்கிக்கொண்டு, "அண்ணே, சந்தனத்தைத் துடைச்சிட்டுத்தான் உள்ளே வைக்கணும்" என்று நினைவூட்டுவார். எல்லோரும் துடைப்பார்கள். அவரும் துடைப்பார், மேலோட்டமாக.

பெருந்தொற்று வந்து சங்கம் மூடியது. திறந்து, மறுபடி மூடியது. அந்த இடைவெளியில் அவருக்கு லேசாகப் பக்கவாதம் வந்துபோனது. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை, நடைக்கும் ஒன்றும் ஆகவில்லை, வலது கையில் மட்டும் ஒரு நடுக்கம் தங்கிவிட்டது. கோப்பிக் குவளையை இடது கையில் தூக்கப் பழகினார். பள்ளிக்கூடங்கள் முழுதாகத் திறந்த வருஷம் உரிமத்தைப் புதுப்பிக்கும் நேரம் வந்தபோது, வேண்டாம் என்று தானே சொல்லிவிட்டார். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை.

"நடுங்குற கையில அது இருக்கக் கூடாது தம்பி" என்றார்.

துப்பாக்கியைத் திங்கட்கிழமை காலையில் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். அது பிறகு திரும்பி வராது. அவர் கேட்டதெல்லாம் அந்த மரக் கைப்பிடியை மட்டும்தான். பாங் விசாரித்துவிட்டுச் சொன்னார்: மரத்தைப் பற்றி அவர்களுக்குக் கவலை இல்லை, பழைய பிளாஸ்டிக் மூடிகளைப் பூட்டிக் கொண்டுவந்தால் போதும்.

சனிக்கிழமை காலை மூன்று பேரும் சங்கத்தின் வேலை மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். பாங் துப்பாக்கியில் ஒன்றுமில்லை என்று இரண்டு முறை பார்த்து, துணி சுற்றிப் பிடிகருவியில் நிறுத்தினார். திருகாணியின் தலையில் ஆறு மூலைப் பள்ளம். அதற்கு ஆலன் கீ எனும் வளைந்த சாவி. இடப்பக்கத்துத் திருகாணி ஒரு கீச்சலோடு வந்துவிட்டது. வலப்பக்கத்தில் சாவி வழுக்கியது. பலமாக அழுத்தித் திருப்பினார் பாங். மறுபடி வழுக்கியது. மூன்றாம் முறை வழுக்கியபோது பள்ளத்தின் விளிம்பு மழுங்கி, ஆறு மூலை கிட்டத்தட்ட வட்டமாகிவிட்டது.

"அண்ணே, இதை யார் இப்படி முடுக்கியது?" என்றார் பாங் மலாயில், தெரிந்தே.

அவர் வேறு பக்கம் பார்த்தார்.

எண்ணெய் விட்டுக் காத்திருந்தோம். நான் கையோடு கொண்டுவந்திருந்த ரப்பர் கையுறையில் ஒரு துண்டு வெட்டி, சாவிக்கும் பள்ளத்துக்கும் நடுவில் வைத்து முயன்றோம். ரப்பர் நசுங்கிப் பொடியாக வந்தது. கொஞ்சம் பெரிய நட்சத்திர முனை ஒன்றைச் சுத்தியலால் தட்டி இறக்கப் பார்த்தோம். ஏதோ கல்லில் முட்டுவதுபோல் உள்ளே போக மறுத்தது. சூடு காட்டலாம் என்றேன். மரம் கருகும் என்றார் பாங்.

கடைசியில் பாங் துளைபோடும் கருவியை எடுத்து மேசையில் வைத்தார். "இதுதான் வழி. ஒரு நிமிஷ வேலை. ஆனால் திருகாணி சூடாகும், மரம் பிளந்தாலும் பிளக்கும். நான் உறுதி சொல்ல மாட்டேன்."

அவர் எழுந்து வந்து, பிடிகருவியில் நின்ற துப்பாக்கியின் கைப்பிடியை வலது கையால் பற்றினார். கை நடுங்கியது. ஆனால் விரல்கள் தேடவில்லை. ஒவ்வொன்றும் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

"இது என்னோட பழைய கை, பாங்" என்றார். "நடுக்கம் வர்றதுக்கு முன்னாடி இருந்த கை. இது ஒண்ணுதான் மிச்சம். துளை போட வேண்டாம். வராதுன்னா அதோடயே போவட்டும்."

பாங் கருவியைத் திரும்பப் பெட்டியில் வைத்தார்.

அந்த நேரத்தில்தான் அக்கா வந்து சேர்ந்தார். மத்தியான மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்திருந்தார். ஏன் பாட்டிலோடு கொண்டுவரவில்லை என்றால், பாட்டிலை மூடியிருந்தவர் அவர் கணவர். காலையில் அதைத் திறந்து கொடுத்தவன் நான்.

"பசியாறாம மூணு பேரும் என்னா பண்றீங்க இவ்ளோ நேரமா?"

நான் விஷயத்தைச் சொன்னேன். அக்கா துப்பாக்கியைத் தொட மாட்டார். பூஜைக்கு வந்தால்கூட ஓரமாகத்தான் நிற்பார். இப்போதும் கையிரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"அந்தப் பக்கத்து ஸ்க்ரூ வந்திருச்சா?"

"வந்திருச்சுக்கா. இந்த வலப்பக்கம்தான்."

"இலையில படுக்க வைக்கும்போது இந்தப் பக்கம்தானே மேல இருக்கும்?"

"ஆமா."

"பொட்டு எங்க வைப்பாரு?"

எனக்கு வாழையிலை நினைவுக்கு வந்தது. கைப்பிடியின் நட்ட நடுவே, யாரோ பொட்டுக்காகவே குடைந்து வைத்ததுபோல ஒரு பள்ளம். அதில் கட்டைவிரலால் சந்தனத்தை அழுத்தும் அவர். வருஷா வருஷம்.

அக்கா நிமிர்ந்து கணவரைப் பார்த்தார். "வாசப் பூட்டு ஞாபகம் இருக்கா?"

"விழாம இருக்கணும்னுதான்..." என்று தொடங்கி, அவரும் நிறுத்திக்கொண்டார்.

அக்கா பாங்கிடம் வெந்நீர் கேட்டார். கோப்பி கலக்கும் கேத்தலில் இருந்தது. கொண்டையிலிருந்து ஊசியை எடுத்து பாங் கையில் கொடுத்தார். பாங் சொட்டுச் சொட்டாக வெந்நீரைப் பள்ளத்தில் விட்டு, ஊற விட்டு, ஊசியால் கிண்டினார். முதலில் ரப்பர்ப் பொடி வந்தது. பிறகு எண்ணெய்க் கறுப்பு. பிறகு, கல்லாகிப்போன சந்தனம், துண்டு துண்டாக. மேலே பழுப்பு, அடியில் துரு கலந்த செம்மை, அதற்கும் அடியில் இன்னும் மஞ்சள். துப்பாக்கி எண்ணெய் நாற்றத்துக்கு நடுவே எங்கிருந்தோ பன்னீர் வாசம் வந்தது. பாங் ஊசி முனையை மூக்கருகே கொண்டுபோய், "இன்னும் மணக்கிறதே!" என்றார்.

துடைத்துவிட்டுப் பார்த்தால் பள்ளம் நாங்கள் நினைத்ததைவிட இரண்டு மடங்கு ஆழம். மழுங்கியது மேல் விளிம்பு மட்டும்தான். இத்தனை நேரமும் சாவி சந்தனத்தின் மேல் நின்று கூத்தாடியிருக்கிறது. கீழே ஆறு மூலையும் புதிதுபோல் இருந்தன. சாவியை விட்டால் அடிவரை போய் உட்கார்ந்தது.

"நான் தொறக்குறேன்" என்றார் அவர். வலது கை ஒத்துழைக்கவில்லை. இடது கையால் முயன்றார். தன் பழைய கை முடுக்கியதைத் தன் புதிய கையால் அசைக்க முடியவில்லை. பாங் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"தம்பி கிட்ட குடுங்க" என்றார் அக்கா.

"தம்பியா? பாங்காலயே முடியல. தம்பி என்னா பண்ணுவாரு?"

"குடுங்கன்னா. நீங்க மூடுறதையெல்லாம் தொறக்குறது அவருதான்."

"எதை?"

"எல்லாத்தையும்தான். ஊறுகா, தேன், ஹார்லிக்ஸ், இப்ப மாத்திரை."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அக்காவின் கைகளைப் பார்த்தார். கோப்பிக்கடையில் இத்தனை காலம் புகழ்ந்த கைகள்.

"எப்பலேருந்து?"

"தம்பி குடி வந்த நாள்லேருந்து."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி நம்ம வீட்ல யாரு ஊறுகா சாப்பிட்டா?"

பாங்குக்குத் தமிழ் அரைகுறையாகத்தான் தெரியும். ஆனாலும் அவர்தான் முதலில் சிரித்தார். நான் மிச்சமிருந்த கையுறையைப் போட்டுக்கொண்டு சாவியைப் பிடித்தேன். பழக்கதோஷத்தில் பாட்டிலைத் தட்டுவதுபோல் மேசையை ஒரு தட்டு தட்டினேன். ஒரு முழு மூச்சு. முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு உள்ளே எதுவோ மனம் மாறியது. கீச்சென்று ஒரு சத்தம். சரியாக, கால் சுற்று. அதற்குப் பிறகு திருகாணி விரலாலேயே வந்தது.

மரம் வழுவிக் கையோடு வந்தது. ஒரு கீறல் இல்லை. அவர் அதை நடுங்கும் கையில் வாங்கிப் பிடித்துக்கொண்டார். துப்பாக்கி இல்லாத வெறும் கைப்பிடி. நீட்டவில்லை, குறி பார்க்கவில்லை. மடியில் வைத்துச் சும்மா பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா காகிதத்தைப் பிரித்து மாத்திரையை நீட்டினார். அதை வாங்க இடது கையைத்தான் நீட்டினார்.

பிளாஸ்டிக் மூடிகளைப் பூட்ட வேண்டியது பாக்கி. அதைத் தானே செய்வதாகச் சொன்னார். மூடிகளோடு வந்த பழைய திருகாணிகளைப் பாங் எடுத்துக் கொடுத்தார். இடது கையால் மெதுவாக முடுக்கினார். வலப்பக்கம், பிறகு இடப்பக்கம். இடப்பக்கத்துத் திருகாணி இறுகி நின்றது. நாங்கள் மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டோம். அவர் நிதானித்தார். கீழுதடு உள்ளே போனது.

"வேண்டாம்ண்ணே" என்றேன்.

"இன்னொரு கால் சுத்து" என்றார்.

டக். பிளாஸ்டிக் மூடியில் திருகாணியிலிருந்து விளிம்புவரை ஒரு கோடு ஓடியது. பாங் நெற்றியைத் தடவிக்கொண்டார். திங்கட்கிழமைக்குப் பிறகு யாருமே பிடிக்கப்போகாத கைப்பிடி அது.

"இனி அது போலீஸ்காரங்க பாடு" என்றார் அக்கா.

அவர் விரிசலை ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டுத் தலை நிமிர்ந்தார். "கழண்டு விழாது இல்ல?"

அந்த வருஷ ஆயுத பூஜைக்கு மரக் கைப்பிடியும் அவர் வீட்டு மேசையில் குக்கருக்குப் பக்கத்தில் இருந்தது. பொட்டு வைக்கும் முன்பே அக்கா வந்து இரண்டு பக்கத் துவாரத்திலும் பசைநாடா ஒட்டிவிட்டுப் போனார். அவர் நாடாவின் மேல் பொட்டு வைத்தார். மத்தியானத்துக்குள் அது காய்ந்து விழுந்துவிட்டது. அதைப் பொறுக்கிக்கொண்டு வந்து என் வீட்டு வாசலில் நின்று காட்டினார். "பாத்தியா தம்பி? நான் சொன்னேன்ல?"

அவர் போய்ச்சேர்ந்தது அதற்கடுத்த தைப்பூசம் முடிந்த வாரம். தண்ணீர்மலைக் கோயிலிலிருந்து ரதம் இறங்கிவிட்டிருந்தது. தேதி எனக்குத் தெரியும், இங்கே வேண்டாம். ஒரு வருஷம் அந்த வீட்டில் பண்டிகை இல்லை. அக்கா பாட்டிலோடு வரவும் இல்லை. ஏன் வரவில்லை என்று கொஞ்ச நாள் யோசித்துவிட்டு, பிறகுதான் புரிந்து, என் சமையலறையில் ரப்பர் கையுறையைப் பார்த்தபடி நின்றேன்.

துக்கம் கழிந்து வந்த ஆயுத பூஜைக்கு அக்கா என் கதவைத் தட்டினார். கையில் ஒன்றுமில்லை. "பூஜை போடுறேன், வாங்க தம்பி" என்றார்.

மேசையில் குக்கர் இருந்தது, ரிமோட் இருந்தது, வாசல் பூட்டு இருந்தது. நடுவில் மரக் கைப்பிடி, வலப்பக்கம் மேலாகப் படுத்திருந்தது. பசைநாடாவைக் காணவில்லை. அக்கா ஒவ்வொன்றுக்கும் விரல் நுனியால் தொட்டுத் தொட்டுப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தார். பூட்டுக்குச் சாவித் துவாரத்தை விட்டுத் தள்ளி வைத்தார். கைப்பிடிக்கு வந்ததும் கிண்ணத்திலிருந்து சந்தனத்தைக் கொஞ்சம் அதிகமாக எடுத்தார். திருகாணி இருந்த துவாரத்தில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். நகம் வெளுக்கும்வரை அழுத்தினார்.

"அக்கா, அது உள்ள போயிக் காஞ்சிரும்" என்றேன்.

"இனிமே அதுல என்னா ஸ்க்ரூவா போடப் போறோம்?"

விரலை எடுத்துப் பார்த்தார். பொட்டு நன்றாகவே பதிந்திருந்தது.

"விழுந்திரக் கூடாது பாருங்க" என்றபடி, இன்னொரு முறை அழுத்தினார்.